லாரிச் சத்தமும் தெளிவான பட்டியலும்

சாத்தூரையடுத்த அச்சங்குளம் போன்ற கரிசல் கிராமங்களில் மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் முதலியன விளைவித்துச் சந்தைக்கு அனுப்பும் குடியானவர்கள், உழவுக்கும் உரத்திற்கும் கணக்கு வைக்கின்றனர்; லாரிச் சத்தத்தை மட்டும் வாய்ப்பேச்சில் விட்டுவிடுகின்றனர். சொந்த லாரி வைத்து அயலார் சரக்கையும் ஏற்றியனுப்பும் நிலக்காரரும் அவ்வாறே செய்கின்றனர். சரக்குக்காரர் மூட்டைக்குப் பேசியதாக எண்ண, லாரிக்காரர் குவிண்டாலுக்குப் பேசியதாகக் கூற, பாக்கி நின்றுபோவதுடன் பழக்கமும் கெடுகின்றது.

விருதுபட்டி என வழங்கி, 1923-இல் விருதுநகர் எனப் பெயர் பெற்ற சந்தையின் வர்த்தகர்கள் சரக்கின்மீது மகமை வசூலித்துப் பொதுக் காரியங்கள் நடத்தினர். 1889-இல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அம்மகமையால் வளர்ந்ததேயாகும். ஒழுங்கான சரக்குக் கணக்கு இல்லாதிருப்பின் அவ்வசூல் நிலைத்திராது.

1865-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தின் இடத்தில், 2007-ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் அமலில் உள்ளது. பலருடைய சரக்கையும் வாடகைக்கு ஏற்றும் போக்குவரத்தாளர் இதன்படி பதிவு பெறவேண்டும். சரக்கின் மதிப்பையும், அபாயகரமான பொருள் உண்டா என்பதையும் அனுப்புவோர் எழுதிக் கொடுக்கவேண்டும். போக்குவரத்தாளர் கொடுக்கும் சரக்கு ரசீது, அதிற்கண்ட எடைக்கும் மூட்டை எண்ணிக்கைக்கும் முதற்சான்றாகும். சரக்கு கெட்டாலோ குறைந்தாலோ, வழக்கிடுமுன், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். ரசீதில் தேதி இல்லையேல் இக்கெடுவைக் கணக்கிடுவதே கடினம்.

பட்டியலில் வரிசை எண், தேதி, இருவர் பெயர், லாரி எண், ஏற்றிய இடம், இறக்கிய இடம், சரக்கு, மூட்டை, எடை மேடையில் கண்ட எடை, பேசிய விகிதம் ஆகியவை இருத்தல் அவசியம். ஏற்றுகூலி, இறக்குகூலி, காத்திருந்த கூலி ஆகியவற்றைச் சத்தத்துடன் கலவாமல் தனித்தனியே காட்டவேண்டும். உதாரணமாக, 60 கிலோ மூட்டை 100 ஏற்றினால் எடை 60 குவிண்டால். குவிண்டாலுக்கு 50 ரூபாய் என்று பேசியிருப்பின் சத்தம் 3,000 ரூபாய். மூட்டைக்கு 10 ரூபாய் வீதம் ஏற்றுகூலி 1,000 ரூபாய். ஆக 4,000 ரூபாய். முன்பணம் 1,500 ரூபாய் கழிய, பாக்கி 2,500 ரூபாய். அதனைச் செலுத்தவேண்டிய கெடுவையும் கீழே குறித்தால் தகராறுக்கு இடமில்லை.

பதப்படுத்தாத விவசாய விளைபொருளைச் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் லாரியில் அனுப்பும் வாடகைக்கு, ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. பட்டியலில் அவ்வரி ஏறியிருந்தால் பணம் கொடுக்குமுன் காரணம் வினவுதல் நலம்.

பட்டியல் இரு பிரதியாக எழுதப்பட்டு, ஒன்று சரக்குக்காரரிடமும் மற்றொன்று லாரிக்காரரிடமும் இருக்கட்டும். கிராம அதிகாரிகள் இவ்வழக்கத்தை அறுவடைக்கு முன்னரே எடுத்துச் சொல்லின், களத்தில் சேர்ந்த லாபம் வழியில் சிதறாது.