பேக்கப் இருக்கு, ரீஸ்டோர் பண்ண இடம் எங்க?

வட்டக்கோட்டைக்குப் போறவங்க கடலைப் பார்த்து நாலு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. அங்கிருந்து கொஞ்ச தூரத்துலதான் தேரூர் குளம். அது ஏன் முக்கியம்னு புரிய, முதல்ல ஒரு முதலைப் பண்ணையைப் பார்ப்போம்.

1976-ல ரோமுலஸ் விட்டேக்கர் குழு சென்னை பக்கத்துல முதலைப் பண்ணை தொடங்குச்சு. அருகிட்டு வந்த சதுப்புநில முதலையைப் பெருக்கிக் காட்டுல விடணும், அதுதான் திட்டம். முதலைகள் நல்லாவே பெருகிடுச்சு. ஆனா அத்தனையையும் விட ஆறும் குளமும் கிடைக்கல. கடைசியில 1,000 முதலைகளை குஜராத்ல இருக்குற இன்னொரு மையத்துக்கு அனுப்ப முடிவாச்சு. கூண்டிலிருந்து இன்னொரு கூண்டு!

நம்ம பாஷையில சொன்னா, மிருகக்காட்சி சாலை ஒரு பேக்கப். ரீஸ்டோர் பண்ண சர்வரே இல்லன்னா அதை வச்சு என்ன பண்றது?

தேரூர் அந்த மாதிரி ஒரு சர்வர், இன்னும் ஓடிட்டிருக்கு. நெல் வயலுக்குத் தண்ணி தேக்க மனுஷங்க வெட்டின குளம். குளிர்காலத்துல வலசைப் பறவைகள் இறங்குது, கூழைக்கடாவும் வருது. 2022-ல சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் ரெண்டும் ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு. சுசீந்திரம்–தேரூர் சுமார் 94 ஹெக்டேர், வேம்பனூர் 20 கூட இல்ல.

பட்டியல் குளத்தைக் காக்கலாம். ஆனா பறவைக்குச் சுத்தியிருக்கிற வயலும் வேணும். அதுலதான் இரை தேடுது. நாஞ்சில் நாட்டுல வயல் ஒவ்வொண்ணா வீட்டு மனையாகுது. வயல் போனா, குளத்துக்கு வேலை போச்சு. வேலையில்லாத குளத்தை யாரு தூர்வாருவாங்க?

அடுத்த தடவை கோட்டைக்குப் போனா, காலையில தேரூர் கரையிலயும் கொஞ்ச நேரம் நில்லுங்க. டிக்கெட் கிடையாது, கூண்டும் கிடையாது.