சிக்கன வகுப்பும் வர்க்க உறவும்: நெடுந்தூர விமானப் பயணத்தின் வசதி, சேவை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

வானூர்தி பற்றிய கற்பனை தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனாரின் புறநானூற்றுப் பாடலொன்று, புகழுடையோர் அடையும் பேறாக, ஓட்டுவோன் வேண்டாத வான ஊர்தியைக் குறிப்பிடுகின்றது. சீவகசிந்தாமணியிலோ, கட்டியங்காரனின் சூழ்ச்சியால் அரசிழக்கும் சச்சந்தன், சூல்கொண்ட தன் தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகின்றான். அது அவளைச் சுடுகாட்டிலே இறக்கிவிடுகின்றது. முன்னையது உயர்ந்தோர்க்கு வாய்க்கும் பேறு. பின்னையது உயிர்தப்புவோர்க்குக் கிடைத்த ஊர்தி. இன்றைய நெடுந்தூர விமானம் இவ்விரு வகையினரையும் ஒரே கூரையின் கீழ், ஒரு திரைச்சீலையால் மட்டும் பிரித்து, ஏற்றிச் செல்கின்றது.

விமான ஆசனத்தின் அகலம் பற்றியும் உணவுத் தட்டின் தரம் பற்றியும் ஆராய்வது வசதி படைத்தோரின் முறைப்பாட்டுக்குக் குரல் கொடுப்பதாகாதா என முற்போக்கு வாசகர் வினவக்கூடும். பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் காலி வீதியோரமாக உள்ள பயண முகவர் நிலையமொன்றிலே ஒரு மணித்தியாலம் இருந்து நோக்குவோர்க்கு இவ்வினாவின் விடை புலனாகும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரும், பேரப்பிள்ளையைப் பார்க்க ரொறன்ரோவுக்குச் செல்லும் முதியோரும், நகையை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்பும் பெற்றோரும் அங்கு வருகின்றனர். சிக்கன வகுப்பு எனப்படுவது பெரும்பாலும் இவர்களது வகுப்பே. அவ்வகுப்பிலே காணப்படும் வசதியின்மை கவனக்குறைவால் நேர்ந்ததன்று. அது திட்டமிட்டு உற்பத்தி செய்யப்படும் ஒன்று என்பதையும், அதனால் எழும் சினம் உரிய இடத்தைச் சென்றடைவதில்லை என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பயணத்தை வகுப்புகளாகப் பிரித்தல் விமானத்துடன் தொடங்கியதன்று. கப்பலின் அடித்தளமும் புகையிரதத்தின் மூன்றாம் வகுப்பும் அதற்கு முன்னோடிகள். 1917இல் காந்தி இந்தியப் புகையிரதங்களின் மூன்றாம் வகுப்புப் பற்றி எழுதிய கட்டுரையிலே, பம்பாயிலிருந்து சென்னைக்குத் தாம் மேற்கொண்ட பயணத்தின் நெரிசலையும் அழுக்கையும் விரிவாக விவரித்தார். அவர் கண்டவற்றின் பொருளாதாரக் காரணத்தைப் பிரெஞ்சுப் பொறியியலாளரான ஜூல் டியூப்புயி 1849ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. அக்காலப் பிரான்சிலே மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரையே இருக்கவில்லை. கூரையிடும் செலவு கொம்பனிக்கு ஒரு பொருட்டன்று. ஆயினும், மூன்றாம் வகுப்பு ஓரளவு வசதியுடையதாகிவிட்டால், இரண்டாம் வகுப்புக்குப் பணம் செலுத்தக்கூடியவரும் அதிலேயே ஏறிவிடுவர். எனவே வசதி உள்ளவரை அச்சுறுத்துவதற்காக வறியவர் நனைய விடப்படுகின்றார் என்பதே அவரது விளக்கத்தின் சாரம். கீழ்வகுப்பின் துன்பம் மேல்வகுப்பின் விளம்பரமாகின்றது.

விமானப் போக்குவரத்தின் வரலாறு இவ்விளக்கத்துக்குத் தக்க சான்றாகும். வட அத்திலாந்திக் மார்க்கத்திலே 1952இல் உல்லாசப் பயணி வகுப்பும் 1958இல் சிக்கன வகுப்பும் புகுத்தப்பட்டன. கட்டணங்களை விமானக் கொம்பனிகள் தமக்குள் உடன்பட்டுத் தீர்மானித்த காலம் அது. சிக்கன வகுப்பினர்க்கு எளிய சான்ட்விச் மட்டுமே வழங்கலாம் என்பதும் அவ்வுடன்பாட்டில் அடங்கும். ஸ்கண்டிநேவிய விமான சேவை, தன் நாட்டு வழக்கப்படி, ரொட்டித் துண்டின்மேல் இறைச்சி முதலியவற்றைத் தாராளமாக அடுக்கி வழங்கிற்று. போட்டிக் கொம்பனியான பான் அமெரிக்கன் முறையிட்டது, விசாரணை நடந்தது, ஸ்கண்டிநேவிய சேவைக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. சிக்கன வகுப்பினர்க்கு நல்லுணவு கொடுத்தமையே அங்கு குற்றமாயிற்று. வசதியைக் குறைவாக வைத்திருத்தல் ஓர் ஒழுங்குவிதியாகவே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3

1978இல் ஐக்கிய அமெரிக்கா விமானப் போக்குவரத்தின் மீதான கட்டண, மார்க்கக் கட்டுப்பாடுகளை நீக்கிச் சட்டமியற்றியது. பின்னர் ஏனைய நாடுகளும் அவ்வழிச் சென்றன. உடன்பாட்டின் இடத்தைப் போட்டி பிடித்துக்கொண்டது. கட்டணம் குறைந்தது. ஆயின், ஒரு விமானத்தைப் பறக்கவிடும் செலவு பெரிதும் மாறாதிருக்கையில், ஆசனமொன்றுக்கான செலவைக் குறைப்பதற்குக் கொம்பனிக்கு இலகுவான வழி ஆசனங்களின் தொகையைக் கூட்டுவதேயாகும். ஆசன வரிசைகளுக்கிடையிலான தூரம் முன்னர் 34 அங்குலம் அளவில் இருந்தது. இன்று 31, 32 அங்குலமே பொதுவழக்கு. 1970இல் சேவைக்கு வந்த போயிங் 747 விமானத்தின் சிக்கன வகுப்பிலே வரிசைக்கு ஒன்பதாக இருந்த ஆசனங்கள் விரைவில் பத்தாயின. 1995இல் சேவைக்கு வந்த போயிங் 777 விமானத்திலும் அதுவே பிற்காலத்தில் நிகழ்ந்தது. ஆசனத்தின் அகலம் ஏறத்தாழ 18 அங்குலத்திலிருந்து 17 ஆயிற்று. விமானத்தின் உடல் அகலவில்லை, மனிதவுடலும் ஒடுங்கவில்லை.

இவ்வாறு பறிக்கப்பட்ட அங்குலங்கள் பின்னர்த் தனிப் பண்டமாகி மீண்டும் அதே பிரயாணிக்கு விற்கப்படுகின்றன. கால் நீட்ட இடமுள்ள ஆசனத்துக்கு ஒரு மேலதிகக் கட்டணம். ஆசனத்தைத் தெரிவு செய்வதற்கு இன்னொன்று. 1990களின் தொடக்கத்திலிருந்து பரவிய ‘உயர் சிக்கன வகுப்பு’ இவற்றின் முதிர்ந்த வடிவம். டியூப்புயி சுட்டிய கூரையில்லாப் பெட்டியின் தருக்கம் இங்கு மாற்றமின்றித் தொடர்கின்றது.

உடலுக்கு நேர்வது யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். பறக்கும் விமானத்தினுள் நிலவும் காற்றழுத்தம் கூடியபட்சம் 8000 அடி உயர நிலைக்கு ஒப்பானதாக வைக்கப்படுகின்றது. நுவரெலியா நகரைவிட மேலே, பிதுருதலாகல உச்சியை அண்மித்த உயரத்திலே இரவு முழுவதும் அமர்ந்திருப்பதற்கு இது சமமாகும். காற்றின் ஈரப்பதன் பொதுவாக 20 வீதத்திலும் குறைவு. தொண்டை வறள்கின்றது, மூக்கின் நுகர்திறன் மங்குவதால் உணவின் சுவையும் குன்றுகின்றது. நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணங்களிலே அசைவின்றி அமர்ந்திருப்போர்க்கு நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இருமடங்காகின்றது என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. அவ்வாபத்து ஏறத்தாழ 6000 பேரில் ஒருவர்க்கே நேர்வது என்பதும், பஸ்ஸிலும் புகையிரதத்திலும் நெடுநேரம் அமர்ந்திருப்போர்க்கும் உரியது என்பதும் அதே ஆய்வின் முடிவுகள். ஆகவே அதனை மிகைப்படுத்தல் தவறாகும். ஆயினும் யன்னலோர ஆசனத்தில் ஒடுங்கி, அயலில் உறங்கும் இருவரை எழுப்பக் கூசி, நீரருந்துவதையே தவிர்த்துக்கொள்ளும் முதியவர்க்கு ‘எழுந்து நடவுங்கள்’ என்னும் மருத்துவ ஆலோசனையால் விளையும் பயன் சிறிதே.

4

இலங்கையின் நிலைமையை இப்பின்னணியில் வைத்து நோக்குவோம். எயர் சிலோன் தன் முதற் பறப்பை 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு மேற்கொண்டது. அக்காலத்தில் விமானப் பயணம் மிகச் சிலர்க்கே கிட்டியது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையை அடுத்து, 1979 செப்டெம்பரிலே எயர் லங்கா பறக்கத் தொடங்கிற்று. இதே காலத்தில் வளைகுடா நாடுகளுக்கான தொழிலாளர் ஏற்றுமதியும் பெருகியது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டவழி நிறுவப்பட்டது. 1983 இனவன்செயலின் பின்னர் தமிழர் பெருந்தொகையாக ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் இடம்பெயர்ந்தனர். உழைப்பை விற்கச் சென்றோரும் உயிரைக் காக்கச் சென்றோருமே இந்நாட்டின் நெடுந்தூரச் சிக்கன வகுப்பை நிரப்பினர் எனலாம்.

வடபகுதிப் பிரயாணியின் களைப்பு விமானத்திலே தொடங்குவதன்று. யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் 2019 அக்டோபர் 17ஆம் திகதி பலாலியில் திறக்கப்பட்டதெனினும், கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ செல்வோர் கட்டுநாயக்காவுக்கே வரவேண்டும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தரைவழிப் பயணம். பின்னர் பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் அல்லது விடுதியில் தங்கல். யுத்தகாலத்திலே அத்தங்கலும் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தோரும் அவர்களுள் இருந்தனர். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய் வழியே செல்வோர் முதலில் ஏறத்தாழ ஐந்து மணித்தியாலமும், அங்கு காத்திருந்தபின் 14 மணித்தியாலமும் பறக்கின்றனர்.

இப்பயணத்தின் சேவைத்தரத்தை மொழியிலிருந்து பிரித்து மதிப்பிடல் இயலாது. வளைகுடா வழிச் செல்லும் விமானங்களிலே அரபும் ஆங்கிலமுமே முதன்மை பெறுகின்றன. அறிவித்தல் விளங்காதவர்க்குப் பணியாளரின் புன்னகையாற் பயனில்லை. உடல்நலமுள்ள முதியோர் பலர் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்வதன் காரணம் இதுவே. அவர்கள் வேண்டுவது நாற்காலியை அன்று. அதனைத் தள்ளிச் செல்லும் ஆளையே. இடைமாறும் நிலையத்தில் வழிகாட்டவும் படிவம் நிரப்பவும் ஒருவர் தேவைப்படுகின்றார். மொழியுரிமை மறுக்கப்பட்ட இடத்திலே ஊனத்தை நடித்தே உதவி பெறவேண்டியுள்ளது.

உணவும் இத்தகையதே. விமானக் கொம்பனிகளின் பட்டியலில் ‘இந்து உணவு’ ஒன்றும் ‘ஆசிய மரக்கறி உணவு’ வேறொன்றுமாக உள்ளன. முன்னையதில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இராவெனினும், கோழியோ மீனோ ஆட்டிறைச்சியோ இடம்பெறலாம். ‘சைவம்’ என்னும் ஒரே சொல் சமயத்தையும் மரக்கறி உணவையும் குறிக்கும் யாழ்ப்பாண வழக்கிலே வளர்ந்தவர், தாம் சைவர் என்பதால் இந்து உணவையே தெரிவு செய்கின்றார். தட்டைத் திறந்ததும் திகைக்கின்றார். பயணத்துக்கு ஒரு நாளாவது முன்னர் அறிவித்தாலன்றி மாற்றுணவும் கிடைப்பதரிது. பிரயாணி இவற்றையெல்லாம் பணியாளரின் அலட்சியம் என்றே விளங்கிக்கொள்கின்றார்.

5

இங்குதான் சேவை என்பதன் உட்பொருளை ஆராய வேண்டியுள்ளது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் 1983இல் வெளியிட்ட நூலிலே டெல்ரா விமான சேவையின் பணிப்பெண்களை ஆராய்ந்து, அவர்களது புன்னகையும் பொறுமையும் கூலிக்கு விற்கப்படும் உழைப்பே என நிறுவினார். தொழிலாளி தன் கைகளின் உழைப்பிலிருந்து அந்நியமாவதுபோல, பணிப்பெண் தன் உணர்விலிருந்தே அந்நியமாகின்றாள். அவளது உடலும் கொம்பனியின் கட்டுப்பாட்டுக்குட்பட்டதே. முதற் கருத்தரிப்புடன் வேலைநீக்கம் செய்யும் எயர் இந்தியாவின் விதியை, நர்கேஷ் மீர்சா வழக்கிலே இந்திய உச்ச நீதிமன்றம் 1981இல்தான் செல்லாதென அறிவித்தது.

ஒரு விமானத்தில் எத்தனை பணியாளர் இருக்கவேண்டும் என்பதற்குச் சட்டம் உண்டு. ஏறத்தாழ 50 ஆசனங்களுக்கு ஒருவர் என்பது பரவலான குறைந்தபட்ச அளவு. அவசர வேளையில் பிரயாணிகளை வெளியேற்றுவதை மனங்கொண்டு விதிக்கப்பட்ட தொகை அது. பரிமாறுதல், குழந்தையைக் கவனித்தல், முதியவர்க்கு உதவுதல் ஆகியவை அக்கணக்கில் இடம்பெறவில்லை. ஆசனங்களைக் கூட்டி, பணியாளரைக் குறைந்தபட்ச அளவிலே வைத்திருக்கும் முகாமைத்துவம் கண்காணாத இடத்தில் இருக்கின்றது. நெருக்குண்ட பிரயாணியும் களைத்த பணியாளரும் நேருக்கு நேர் நிற்கின்றனர். இருவரும் உழைத்து வாழ்வோராயினும், ஒருவர் மற்றவரையே தம் துன்பத்துக்குக் காரணராகக் காண்கின்றார். முன்னாசனத்தைச் சாய்ப்பவரோடு பின்னாசனத்தவர் பூசலிடுவதும் இவ்வகையினதே. இருவர்க்கும் போதாத இடத்தை அளந்தவர் அங்கு இல்லை.

6

கட்டணக் குறைவாலேதான் சாதாரண மக்களும் பறக்க முடிகின்றது. வசதி வேண்டின் விலை உயரும் என்பது கொம்பனிகளின் வாதம். இதன் முற்பகுதி உண்மையே. மலிவான ரிக்கற் இல்லாதிருப்பின், பிரிந்த குடும்பங்கள் பல ஒருவரையொருவர் மீண்டும் கண்டிருக்கமாட்டா. ஆயின் பிற்பகுதி ஏற்புடையதன்று. உயிர்க்காப்பு அங்கியை வாங்க வசதியுள்ளவர்க்கே அது வழங்கப்படும் என எக்கொம்பனியும் கூறுவதில்லை. சட்டம் அதனை அனைவர்க்கும் பொதுவாக்கியுள்ளது. ஆசன அளவையும் அவ்வாறு பொதுவிதிக்குள் கொண்டுவரல் இயலும். 1985இல் மான்செஸ்ரர் விமான நிலையத் தீ விபத்தில் 55 பேர் இறந்தபின், பிரித்தானியா 1989இல் ஆசன வரிசைகளுக்கிடையே 26 அங்குலக் குறைந்தபட்ச இடைவெளியை விதித்தது. உயிர்தப்புவதற்கான வழியாக மட்டுமே அவ்விடைவெளி கருதப்பட்டது. நல்வாழ்வு பற்றிய கருத்து அதில் இல்லை. அமெரிக்காவில் ஆசன அளவை வரையறுக்கப் பணிக்கும் சட்டம் 2018இல் நிறைவேறியது. பொதுமக்களின் கருத்து 2022இல் கோரப்பட்டது. இச்சிறு அசைவுகளும் பிரயாணிகள் அமைப்பாகத் திரண்டு கோரியதன் விளைவுகளே.

எமது நாட்டிலும் கோரத்தக்கவை தெளிவானவை. இங்கிருந்து புறப்படும் நெடுந்தூர விமானங்களுக்கு ஆசன இடைவெளியின் குறைந்தபட்ச அளவு சட்டத்தால் வரையறுக்கப்படல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய நாட்டிலே, பாதுகாப்பு அறிவித்தலும் உணவு விபரமும் முறைப்பாட்டுப் படிவமும் தமிழிலும் கிடைத்தல், இந்நாட்டிலிருந்து பறக்கும் எக்கொம்பனிக்கும் விதிக்கத்தக்க நிபந்தனையாகும். பணியாளர் தொகையை நிர்ணயிக்கையில் அவர்தம் தொழிற்சங்கங்களின் குரலும் பிரயாணிகளின் குரலும் இணைந்து ஒலித்தல் வேண்டும். பணியாளரின் ஓய்வுநேரத்துக்கான போராட்டத்தைத் தன் பயணத்துக்கு இடையூறு என்று பிரயாணி கருதும்வரை, இருவரது நலனும் ஒரே அளவுகோலால் வெட்டப்பட்டுக்கொண்டேயிருக்கும் என்பது எமது துணிபு.