ஒப்புக்கொண்ட குற்றமும் காலங்கடந்த முறையீடும்

யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் வழங்கும் சொற்களுள் 'குற்றவாளி', 'சுற்றவாளி' என்பன இரண்டும் ஓசையால் இணைந்தும் பொருளால் முரணியும் நிற்பன. முதலெழுத்தொன்றே அவற்றை வேறுபடுத்துகின்றது. ஆயினும், எதிரிக்கூண்டில் நிற்பவன் வாயினின்று இவற்றுள் எது வெளிப்படுகின்றதோ, அதனைப் பொறுத்தே வழக்கின் போக்கு முழுவதும் அமையும். 'சுற்றவாளி' என்பானாயின் சாட்சிகள் வருவர். குறுக்கு விசாரணை நிகழும். குற்றத்தை ஐயமற நிறுவும் பொறுப்பு வழக்குத் தொடுநர் தலைமேல் நிற்கும். 'குற்றவாளி' என்பானாயின் இவையெல்லாம் அக்கணமே ஒழிந்து, தண்டனை ஒன்றே எஞ்சும்.

மதுபோதையில் வாகனஞ் செலுத்தியமை பற்றிய வழக்குகளில் இவ்வொப்புதல் பெரிதும் எளிதாக வழங்கப்படுகின்றது. சாவகச்சேரியைச் சேர்ந்த பாரவண்டிச் சாரதி ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கண்டி வீதியில் இரவு வேளையில் பொலிஸார் அவனை மறித்தனர். மறுநாள் நீதவான் முன் நின்றபோது, தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு அன்றே தொழிலுக்குச் செல்லவேண்டும் என்னும் எண்ணமே அவன் உள்ளத்தில் மேலோங்கியிருந்தது. குற்றப்பத்திரத்தில் எழுதப்பட்டது யாது என்று அவன் கேட்கவுமில்லை. சட்டத்தரணி எவரையும் நாடவுமில்லை. ஒரு சொல்லில் வழக்கு முடிந்தது. பத்தாண்டு கழிந்தபின் வெளிநாட்டு அனுமதிக்கோ, புதிய தொழிலுக்கோ விண்ணப்பிக்கும்போது அப்பழைய பதிவு அவன்முன் வந்து நிற்கின்றது. அன்று கூறிய சொல்லை இன்று மீட்டல் இயலுமா என்பதே இவ்விடத்து எழும் வினாவாகும்.

வழங்கிய தீர்ப்பை மீள ஆராய்தல் தமிழர்க்குப் புதியதொன்றன்று. பொற்கொல்லன் சொற்கேட்டுப் பாண்டியன் இட்ட கட்டளை நிறைவேறியபின்னரே கண்ணகி அரசவை புகுந்தாள். அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து. தன் சிலம்பிலுள்ள பரல் மாணிக்கம் என்று அவள் காட்டியபோது, கட்டளை முன்னரே நிறைவேறிற்று என்று கூறி அரசன் அவள் வழக்கைத் தள்ளிவிடவில்லை. தானே குற்றவாளியென ஏற்று உயிர் நீத்தான். எனினும் அவ்வழக்கிற்கும் ஈண்டு ஆராய்வதற்கும் பெரியதொரு வேறுபாடுண்டு. கோவலனை அழைத்து, 'நீ செய்தனையோ' என்று எவரும் வினவவில்லை. சாரதியோ வினவப்பட்டான், தன் வாயாலே விடை கூறினான். பிறர் கூற்றால் வந்த தீர்ப்பை மறுப்பதினும் தன் கூற்றால் வந்த தீர்ப்பை மறுத்தல் அரிது.

இலங்கையில் இக்குற்றத்தை வரையறுப்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களுமாகும். ஒப்புதலைப் பெறும் முறையை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவை விதிக்கின்றது. அக்கோவையின் 182ஆம் பிரிவின்படி நீதவான் குற்றச்சாட்டை எதிரிக்கு வாசித்துக் காட்டி, அவனைக் குற்றவாளியாகத் தீர்மானிக்கலாகாமைக்குக் காரணம் ஏதேனும் உளதோ என்று வினவுதல் வேண்டும். 183ஆம் பிரிவு மேலும் நுணுக்கமானது. எதிரியின் கூற்று எவ்வித நிபந்தனையுமற்ற ஒப்புதலாதல் வேண்டும். அக்கூற்று இயன்றவரை அவன் கூறிய சொற்களாலேயே பதியப்படுதலும் வேண்டும். தண்டனை விதிக்கப்படுமுன் நீதவானின் அனுமதியுடன் ஒப்புதலை மீளப்பெறவும் அப்பிரிவு இடமளிக்கின்றது. தண்டனை விதிக்கப்பட்டபின் அவ்வாயில் அடைபட்டு விடுகின்றது.

'நிபந்தனையற்ற' என்னும் அடைமொழி ஊன்றி நோக்கற்பாலது. 'நான் குற்றவாளி; ஆனால் அன்று வாகனத்தை ஓட்டியவன் என் தம்பி' என்று ஒருவன் கூறுவானாயின், அக்கூற்றின் முற்பகுதி ஒப்புதல்; பிற்பகுதி மறுப்பு. இத்தகைய இரட்டுறு கூற்றை ஒப்புதலாகக் கொள்ளலாகாது; வழக்கை விசாரணைக்கே எடுத்தல் முறை. எதிரியின் சொற்களை அவ்வாறே எழுதுக என்று சட்டம் கட்டளையிட்டதன் நோக்கமும் இதுவே. பல்லாண்டு கழிந்தபின் மேல்மன்று காணக்கூடியது எதிரியின் முகத்தையன்று, வழக்கேட்டை மாத்திரமே.

இனி, காலங்கடந்தவனுக்குரிய வழி யாது? நீதவான் நீதிமன்றத் தீர்ப்பின்மேல் மேன்முறையீடு செய்வதற்கு வழங்கப்பட்ட காலம் 14 நாளே. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு அவ்வுரிமை மேலும் சுருக்கப்பட்டுள்ளது. எஞ்சியிருப்பது மீளாய்வு என்னும் வழி. கீழ்மன்றின் வழக்கேட்டை வரவழைத்து, அதன் கட்டளை சட்டத்திற்கு அமைந்ததோ, முறையானதோ என்று மேல்மன்று ஆராய்வதே மீளாய்வாகும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் இவ்வதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் வழங்கிற்று. ஆதலின் சாவகச்சேரி நீதவானின் கட்டளை பற்றி யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்தல் கூடும்.

மீளாய்வுக்கு நாட்கணக்காய் வரையறுத்த எல்லை இல்லை. அதனால் எப்பொழுதும் எவரும் அதனைப் பெறலாம் என்று கொள்ளுதல் தவறு. அஃது உரிமையாகக் கேட்டுப் பெறுவதன்று. நீதிமன்றம் தன் தெரிவால் வழங்குவது. மேன்முறையீடு செய்யாது விட்டவர்க்கு மீளாய்வு எப்போது கிடைக்கும் என்பதனைச் சட்டமா அதிபர் எதிர் பொடிசிங்க என்னும் 1950ஆம் ஆண்டு வழக்கு தெளிவாக்கிற்று. விதிவிலக்கான சூழ்நிலை வேண்டும் என்பது அதன் துணிபு. நீதி பிறழ்ந்திருத்தல், தலையிடுதற்கு வலிய காரணம் காட்டப்படுதல், கீழ்மன்றின் கட்டளையை மனுதாரர் அறியாதிருத்தல் என்பன அத்தகைய சூழ்நிலைகளாக அங்கு எண்ணப்பட்டன. தாமதத்தைப் பற்றி, காணிப் பங்கீட்டு வழக்கொன்றில் எழுந்த ஞானபண்டிதன் எதிர் பாலநாயகம் என்னும் தீர்ப்பு, 1998ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியாயிற்று. தாமதம் மனுவை அழித்துவிடுமோ என்பது அவ்வவ் வழக்கின் நிகழ்வுகளைப் பொறுத்தது என்று உயர் நீதிமன்றம் அதிற் கூறிற்று. எனவே, பத்தாண்டு வாளாவிருந்தவன் அப்பத்தாண்டுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவன்.

இவ்வினா மிகுதியாக ஆராயப்பட்ட நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகளாகும். ஆங்கே மதுபோதையிற் செலுத்திய குற்றம் மீண்டும் நிகழுந்தோறும் தண்டனை ஏறிச்செல்லும் சட்டங்கள் பல உள்ளமையால், பிற்குற்றத்துக்கு விடை கூறுபவர் முற்குற்றத்தின் ஒப்புதலைத் தகர்க்க முயலுதல் இயல்பாயிற்று. அயோவா எதிர் தோவார் என்னும் வழக்கு இதற்குச் சிறந்த சான்று. தோவார் 1996இல் இருபத்தொரு வயதுக் கல்லூரி மாணவர். சட்டத்தரணியின்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1998இல் இரண்டாம் முறையும் குற்றத்தீர்ப்புப் பெற்றார். 2000இல் மூன்றாம் முறை அகப்பட்டபோது, சட்டத்தரணியைத் துறப்பதால் வரும் தீங்குகளை முதல் வழக்கில் நீதிபதி போதிய அளவு எடுத்துரைக்கவில்லை. ஆதலின் அத்தீர்ப்பைக் கணக்கிற் கொள்ளலாகாது என்று வாதித்தார். அயோவா மாநிலத்து உயர்மன்று அவர் பக்கம் நின்றது. 2004இல் நாட்டின் உயர் நீதிமன்றம் அதனை ஒருமனதாக மாற்றிற்று. குற்றச்சாட்டின் இயல்பையும், சட்டத்தரணியின் ஆலோசனை பெறும் உரிமையையும், விதிக்கத்தக்க தண்டனையின் எல்லையையும் எதிரிக்கு அறிவித்தல் போதும் என்பது அதன் தீர்ப்பு. தாம் அன்று அறியாமையால் ஒப்புக்கொண்டதாகத் தோவார் எங்கும் கூறவில்லை என்பதனையும் அம்மன்று சுட்டிற்று.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. மோர்கன் என்பவர் 1939இல் பத்தொன்பது வயதில் சட்டத்தரணியின்றி வேறொரு குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்காண்டுத் தண்டனையை முற்றாக அனுபவித்தார். 1950இல் வேறு வழக்கில் அப்பழைய தீர்ப்புக் காரணமாக அவருக்குக் கூடிய தண்டனை விதிக்கப்பட்டது. அவர் முறையிட்டபோது, தண்டனை முடிந்துவிட்டமையாற் பழைய வழக்கை ஆராயலாகாது என்னும் வாதத்தை உயர் நீதிமன்றம் 1954இல் ஏற்கவில்லை. தண்டனை முடிந்தாலும் அதன் விளைவு முடிவதில்லை என்பதே இதன் உட்கருத்து. ஆயினும் 1992இன் பார்க் எதிர் றாலி வழக்கில், முறைப்படி முடிந்த தீர்ப்பு ஒழுங்காகவே வழங்கப்பட்டது என்று கொண்டு, மறுப்பவன் மீது பொறுப்பைச் சுமத்துதல் தகும் என அம்மன்று துணிந்தது. பழைய ஏடு கிடையாமை முறையிடுபவனுக்குத் துணையாவதில்லை. பெரும்பாலும் அது அவனுக்கே இடராகும்.

புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பெருந்தொகையினராய் வாழும் கனடாவில் இப்பொருள் மேலும் கூர்மையுடையது. 2018 டிசெம்பர் 18 முதல் மதுபோதையிற் செலுத்துதலுக்குரிய உயர்ந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டது. அதனால் அக்குற்றம் குடிவரவுச் சட்டத்திற் பாரதூரமான குற்றங்களின் வரிசையைச் சேர்ந்தது. குடியுரிமை பெறாத நிரந்தர வதிவாளர் ஒருவர், தண்டப்பணத்தோடு முடிந்தது என்று கருதிய ஒப்புதலால், அந்நாட்டில் வாழும் உரிமையையே இழக்க நேரலாம். இத்தகைய விளைவை அறியாது ஒப்புக்கொண்டவன் நிலை யாது என்பதனை அந்நாட்டு உயர் நீதிமன்றம் போதைப்பொருள் வழக்கொன்றில் 2018 மே மாதம் ஆராய்ந்தது. வொங் என்பவர் குடிவரவு விளைவை அறியாதே ஒப்புக்கொண்டார் என்பதனை மன்று ஏற்றது. ஆயினும், அறிந்திருந்தால் தாம் வேறுவிதமாக நடந்திருப்பார் என்பதனை அவர் தம் சத்தியக்கூற்றிற் காட்டவில்லை. அதனாற் பெரும்பான்மை நீதிபதிகள் ஒப்புதலை மீட்க இடமளித்திலர். அறியாமை மட்டும் போதாது. அவ்வறியாமையே தன் தெரிவை மாற்றிற்று என்பதனையும் நிறுவுதல் வேண்டும்.

இவற்றைத் தொகுத்து நோக்கின், எக்காரணம் எடுபடும், எக்காரணம் எடுபடாது என்பது புலனாகும். குற்றச்சாட்டு விளங்கும் மொழியில் உணர்த்தப்படாமை, கூற்று இரட்டுறுதலாயிருந்தமை, அச்சுறுத்தலாலோ பொய்வாக்குறுதியாலோ ஒப்புதல் பெறப்பட்டமை, விதித்த தண்டனை சட்டத்திற்கு மாறாயிருந்தமை என்பன ஆராயத்தக்கன. எதிர்பார்த்ததினும் தண்டனை கூடிற்று, அன்று கூறியதற்கு இன்று வருந்துகின்றேன், இப்பொழுது பதிவு இடையூறாகின்றது என்பன தம்மளவிற் பயன்படா.

சட்டம் இவ்வாறு இறுகி நிற்பது இரக்கமின்மையால் அன்று. முடிந்த வழக்கு முடிந்ததாக நில்லாதாயின் எவ்வழக்கும் முடிவு பெறாது. சாட்சிகள் மறந்தும் மறைந்தும் போனபின் உண்மையைக் கண்டறிதலும் இயலாது. வீதியிற் செல்லும் பிள்ளைகளின் உயிரையும் சட்டம் எண்ணிப் பார்க்கவேண்டியுள்ளது. கள்ளுண்ணாமைக்கெனத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவரைக் கற்ற சமுதாயம், மெய்யாகவே குடித்துச் செலுத்தியவன் நுணுக்கம் பேசித் தப்புதலை விரும்பாது. ஆயினும் செய்யாத குற்றத்தைத் தெரியாது ஒப்புக்கொண்ட ஒருவனை வாழ்நாள் முழுதும் அச்சொல்லாற் கட்டி வைத்தலும் செங்கோன்மை ஆகாது. அவ்விரண்டிற்கும் நடுவே திறந்து வைக்கப்பட்ட ஒடுங்கிய வாயிலே மீளாய்வு.

அவ்வாயிலை நாடவேண்டிய நிலை வாராமற் காத்தலே எல்லாவற்றினும் மேலாம். குற்றப்பத்திரம் வாசிக்கப்படும்போது விளங்காததை விளங்கவில்லை என்று கூறுதலும், ஒரு தவணை கேட்டுச் சட்டத்தரணியை நாடுதலும் எவர்க்கும் உரியன. இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சட்டத்தரணி வாயிலாகத் தன் வழக்கை எடுத்துரைக்கும் உரிமையையும், குற்றம் நிறுவப்படும்வரை சுற்றவாளியாகக் கொள்ளப்படும் உரிமையையும் ஒவ்வொருவர்க்கும் உறுதிசெய்கின்றது. அன்றைய தொழிலை இழந்துவிடுவோமே என்னும் அவசரத்தால் இவ்வுரிமைகளைக் கைவிடுபவன், ஒருநாட் கூலியைக் காத்துப் பல்லாண்டு வாழ்வை ஈடுவைக்கின்றான். படித்தவர் தம் அயலவர்க்கு இதனை எடுத்துரைப்பாராயின், அது கல்வியின் பயன்களுள் ஒன்றாகும்.