தைராய்டு குறைந்தால் மனம் ஏன் படபடக்கிறது?

காரணமே இல்லாமல் ஒரு பயம். பிள்ளை பள்ளியிலிருந்து வர பத்து நிமிடம் தாமதமானால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இரவு தூக்கம் வருவதில்லை, வந்தாலும் நடுவில் திடுக்கிட்டு விழிப்பு. தொழுகையில் நின்றால் கவனம் நிற்பதில்லை. எத்தனை ரக்அத் முடிந்தது என்பதே மறந்துவிடுகிறது.

நம் வீடுகளில் இப்படி ஒரு பெண் சொன்னால் வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் நமக்குத் தெரியும். "ரொம்ப யோசிக்காதே", "இது வஸ்வாஸ்", "யாரோ கண் வைத்துவிட்டார்கள்", "ஈமான் பலமாக இருந்தால் பயம் வராது." இந்தக் கடைசிப் பதில்தான் அதிகம் காயப்படுத்துவது. ஏற்கெனவே பயந்திருப்பவரை அது குற்ற உணர்விலும் தள்ளிவிடுகிறது. துஆ செய்வதும் ஓதுவதும் நிச்சயம் ஆறுதல்தான். அதோடு ஓர் இரத்தப் பரிசோதனையும் செய்திருந்தால், சிலருக்குப் பல ஆண்டு வேதனையின் காரணம் கழுத்தில் இருக்கும் ஒரு சிறு சுரப்பி என்று தெரிந்திருக்கும்.

கழுத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறகு விரித்த வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. எடை ஏறக்குறைய 20 கிராம். இது நாம் உண்ணும் அயோடினைக் கொண்டு டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைத் தயாரிக்கிறது. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், உணவு எவ்வளவு விரைவில் சக்தியாக மாற வேண்டும், உடல் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதில் எல்லாம் இந்த ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு.

இந்தச் சுரப்பிக்கு மேஸ்திரி மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது அனுப்பும் கட்டளைதான் டி.எஸ்.எச். வேலை மந்தமானால் மேஸ்திரியின் குரல் உயர்வதுபோல, தைராய்டு குறைவாகச் சுரந்தால் டி.எஸ்.எச். அளவு ஏறும். பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். அதிகம் என்று பார்த்துவிட்டு "எனக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது" என்று பலர் தவறாக நினைப்பது இதனால்தான். உண்மையில் அது குறைபாட்டின் அடையாளம்.

இந்தியாவில் இது அரிதான நோய் அல்ல. சென்னை உட்பட 8 நகரங்களில் நடத்தி 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அயோடின் குறைவில்லாத இடங்களில் இதற்கு முக்கியக் காரணம், உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். 1912-ல் இதை முதன்முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர் அது.

மந்தம்தானே வர வேண்டும், பதற்றம் எப்படி?

நியாயமான கேள்வி. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, குறைந்தால் சோர்வு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் குறைபாட்டிலும் பதற்றம் வரலாம். அதற்குப் பல வழிகள் உள்ளன.

முதலாவது, மூளைக்கும் தைராய்டு ஹார்மோன் வேண்டும். மூளை தனக்குத் தேவையான டி3-யின் பெரும்பகுதியை, இரத்தத்தில் வரும் டி4-லிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. மனநிலையைச் சீராக வைக்கும் செரோடோனின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருட்களின் செயல்பாடும் இந்த ஹார்மோனோடு தொடர்புடையது. வரத்து குறைந்தால் அந்தச் சமநிலை தடுமாறுகிறது.

இரண்டாவது, உடல் மந்தமாகும்போது அதை ஈடுகட்ட நரம்பு மண்டலம் நார்அட்ரினலினைக் கூடுதலாக வெளியிடுகிறது. ஆபத்து நேரத்தில் நம்மை உஷார்ப்படுத்தும் அதே பொருள். உடல் களைத்துக் கிடக்க, உள்ளுக்குள் மட்டும் ஓர் அவசரம் ஓடிக்கொண்டிருப்பதாகச் சிலர் உணர்வது இதனாலும் இருக்கலாம்.

மூன்றாவது, ஹாஷிமோட்டோ நோயின் தொடக்கத்தில் தாக்கப்பட்ட சுரப்பியிலிருந்து சேமித்து வைத்த ஹார்மோன் மொத்தமாகக் கசிவது உண்டு. அப்போது சில வாரங்கள் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை இருக்கும். பிறகு குறைபாடு தொடங்கும். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும் தைராய்டு அழற்சியும் இதே வரிசையில்தான் போகும். "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று இதை விட்டுவிடுகிறோம்.

நான்காவது, குறைபாட்டோடு வரும் மற்ற தொல்லைகள். மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, அதனால் இரத்தசோகை, சரியில்லாத தூக்கம். இவை ஒவ்வொன்றும் தனியாகவே நெஞ்சுப் படபடப்பையும் பயத்தையும் தரக்கூடியவை.

மருத்துவ உலகம் இதை எப்போது அறிந்தது?

தைராய்டுக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1888-ல் லண்டன் மருத்துவர் குழு ஒன்று, கடுமையான தைராய்டு குறைபாடு உள்ளவர்களை ஆராய்ந்து, அவர்களில் பலருக்கு மனக் குழப்பம் இருந்ததைப் பதிவு செய்தது. 1891-ல் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசி வழியாகச் செலுத்தினார். அவர் குணமடைந்து மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1949-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், மனநோயாளிகள் என்று கருதப்பட்ட 14 பேருக்கு உண்மையில் தைராய்டு குறைபாடு இருந்ததை எழுதியபோது, இந்த விஷயம் பரவலாகக் கவனம் பெற்றது.

2018-ல் 19 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், எதிர்ப்பு சக்தியால் வரும் தைராய்டு நோய் உள்ளவர்களுக்குப் பதற்ற நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. அதே நேரம், மனச்சோர்வு பற்றி 2021-ல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, தைராய்டு குறைபாட்டுடன் அதன் தொடர்பு முன்பு நினைத்த அளவுக்கு வலுவானதல்ல என்றது. எனவே எல்லாப் பதற்றத்துக்கும் தைராய்டு காரணம் என்றும் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்காமல் இல்லை என்றும் சொல்ல முடியாது.

எப்போது சோதிக்க வேண்டும்?

பதற்றத்தோடு கீழ்க்கண்டவற்றில் சில சேர்ந்து வந்தால் தாமதிக்க வேண்டாம்:

- போதிய அளவு தூங்கியும் தீராத அசதி
- சாப்பாடு கூடாமலே எடை கூடுவது
- மற்றவர்களுக்கு இல்லாத குளிர், வறண்ட தோல், முடி உதிர்வு
- மலச்சிக்கல், குரல் கரகரப்பு, முகம் உப்புதல்
- மாதவிடாய்க் கோளாறு, கருத்தரிப்பதில் தாமதம்
- மறதி, கவனக் குறைவு
- குடும்பத்தில் உம்மா, ராத்தா, மாமி யாருக்காவது தைராய்டு நோய்

டி.எஸ்.எச்., டி4 இரண்டையும் பார்ப்பது அடிப்படை. பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும், கர்ப்பிணிகளுக்கு அளவுகோல் வேறு. தேவைப்பட்டால் எதிர்ப்பான்களையும் மருத்துவர் சோதிப்பார். முடி உதிர்வுக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும்.

மாத்திரையில் நடக்கும் தவறுகள்

சிகிச்சை எளிது: லெவோதைராக்ஸின் என்ற மாத்திரை. உடல் சுரக்கும் டி4-ஐயே வெளியிலிருந்து கொடுக்கிறோம். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் சாப்பிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீ, காபி, நாஷ்டா. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் மருந்து உடலில் சரியாகச் சேராது.

மாத்திரை தொடங்கிய மறுநாளே மனம் தெளிந்துவிடாது. அளவு சரியா என்று பார்க்கவே 6 முதல் 8 வாரம் ஆகும். அவசரப்பட்டு நாமாக அளவைக் கூட்டினால், அதுவே படபடப்பையும் தூக்கமின்மையையும் கொண்டுவரும். "ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டது" என்று நிறுத்துவதும் தவறு. நார்மல் ஆனதே மாத்திரையால்தான். கர்ப்பம் தெரிந்த உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனை நம்பியே இருக்கிறது. பெரும்பாலும் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டிவரும்.

ரமலானில் என்ன செய்வது?

சிலர் நோன்பு மாதம் முழுவதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பெருநாளுக்குப் பிறகு அசதியும் பதற்றமும் திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம். நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. தினம் ஒரு வேளை மருந்து இது. ஸஹர் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு எழுந்து போட்டுக்கொள்ளலாம். அல்லது இரவு உணவு முடிந்து குறைந்தது 3 மணி நேரம் கழித்து, தூங்கும் முன் போடலாம். எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மாதம் முழுவதும் அதையே பின்பற்றுங்கள். நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் சிரமமின்றி நோன்பு நோற்கலாம். கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

தைராய்டு சரியான பிறகும் பயம் இருந்தால்?

டி.எஸ்.எச். சரியாகி சில மாதங்கள் ஆன பிறகும் பதற்றம் குறையவில்லை என்றால், அது தனி நோயாக இருக்கலாம். அதற்கும் மனநல மருத்துவரிடம் ஆலோசனையும் மருந்தும் உண்டு. வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. திருமணப் பேச்சில் தடங்கல் வரும் என்று மகளின் மாத்திரையை மறைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. மறைத்துச் சாப்பிடும் மருந்து நாளடைவில் சாப்பிடாத மருந்தாகிவிடுகிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? "பயமாக இருக்கிறது" என்று உங்கள் வீட்டுப் பெண் சொன்னால், அவரது ஈமானை அளக்காதீர்கள். அவருக்காக துஆ செய்யுங்கள், மறுநாள் காலையில் பரிசோதனைக்கும் கூட்டிச் செல்லுங்கள். நிவாரணம் தருபவன் அல்லாஹ். அதைத் தேடிப் போவது நம் பொறுப்பு.