நியமனக் கடிதம் இல்லாத தொழிலாளருக்கும் உரிமை உண்டு

எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் ஆகிய இடங்களிலுள்ள ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் துறைமுக வேலைகளுக்கும் சுற்றுக் கிராமங்களிலிருந்து நாள்தோறும் பலர் செல்லுகின்றனர். மேஸ்திரியின் சொல்லை நம்பி வேலையில் சேர்ந்தோர் இவர்களில் பலர். கையில் நியமனக் கடிதம் கிடையாது. வேலை குறைந்துவிட்டது என்றோ, புதிய இயந்திரம் வந்துவிட்டது என்றோ காரணம் கூறி, "நாளை முதல் வரவேண்டாம்" என்று ஒரு நாள் சொல்லிவிடுகின்றனர். எழுத்தில் ஒன்றும் இல்லையே, யாரிடம் கேட்பது என்று எண்ணி அவர்கள் வெறுங்கையுடன் வீடு திரும்புகின்றனர். இவ்வெண்ணம் தவறானது.

வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே

விவசாயிகளுக்கு இது புதிய செய்தியன்று. 1955ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், வாய்மொழிக் குத்தகைக்கும் பாதுகாப்பு அளித்தது. அதுபோலவே, வேலை நிபந்தனைகள் எழுத்திலோ சொல்லிலோ வெளிப்படையாக இருந்தாலும், நடைமுறையிலிருந்து உணரத்தக்கனவாக இருந்தாலும், வேலை செய்பவர் தொழிலாளரே என்று தொழிற்சட்டம் கூறுகிறது.

உப்பளங்களை அறிந்த நமது பகுதிக்கு ஒரு வழக்கு நன்கு விளங்கும். சௌராஷ்டிரத்தில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் நிறுவனத்தின் உப்பளங்களில் வேலை செய்தவர்களுக்கு நேரக் கணக்கும் இல்லை. வருகைப் பதிவேடும் இல்லை. மணங்கு அளவில் கூலி பெற்று, மழைக் காலத்தில் ஊர் திரும்பிப் பயிர் செய்தனர். அவர்களும் தொழிலாளரே என்ற தீர்ப்பை 1956இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

சட்டம் தருவன

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில், 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆட்குறைப்புக்கு முந்திய 12 மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்தவர் ஓராண்டு தொடர்பணி செய்தவராகக் கருதப்படுவார். ஊதியத்துடன் கூடிய விடுமுறை நாட்களும் இக்கணக்கில் சேரும். அத்தகையவருக்குரிய உரிமைகளாவன:

1. காரணம் காட்டி ஒரு மாத எழுத்து அறிவிப்பு. அல்லது அதற்கு ஈடான சம்பளம்.

2. முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்ட ஈடு. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட மீதிக் காலம் ஓராண்டாகக் கொள்ளப்படும்.

3. ஒரே வகை வேலையில் இறுதியாகச் சேர்ந்தவரை முதலில் நிறுத்துவதே பொது விதி. ஓராண்டிற்குள் மீண்டும் ஆள் எடுத்தால், நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை.

4. நிலுவைக் கூலி முழுவதும் இரண்டு வேலை நாட்களுக்குள்.

நாட்கூலி 600 ரூபாய் பெற்று 6 ஆண்டு 7 மாதம் வேலை செய்தவரை எடுத்துக்கொள்வோம். 7 ஆண்டுக்குக் கணக்கிட்டால் 105 நாள் கூலி, அதாவது 63,000 ரூபாய் நஷ்ட ஈடு ஆகிறது. அறிவிப்பு தரப்படவில்லையெனில் ஒரு மாதச் சம்பளமும் சேரும். 5 ஆண்டு நிறைந்தவர் பணிக்கொடைக்கும் உரியவராகலாம். அறியாமையால் ஒரு குடும்பம் இழப்பது இவ்வளவு பெரிய தொகை!

குறித்த காலத்திற்கென அமர்த்தப்பட்டுக் காலம் முடிந்து விலகுவதும், தாமே விலகுவதும் ஆட்குறைப்பு ஆகா. ஆகையால் வெற்றுத் தாளிலோ, படித்தறியாத ராஜிநாமாக் கடிதத்திலோ கையொப்பமோ கைரேகையோ இடலாகாது.

சாட்சியம் எங்கே?

240 நாள் வேலை செய்ததை முதலில் தொழிலாளரே எடுத்துரைக்க வேண்டும். ஆனால் நாட்கூலிக்காரரிடம் நியமனக் கடிதம் இருப்பது அரிது என்பதை 2005இல் உச்ச நீதிமன்றம் கவனத்திற் கொண்டது. நிர்வாகத்திடமுள்ள வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் செய்யுமாறு அவர் கேட்கலாம். வாயில் அனுமதிச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, வங்கியில் கூலி வரவான பதிவு, உடன் வேலை செய்தோரின் வாக்குமூலம் ஆகியவை துணை நிற்கும். வேலை செய்த நாட்களை ஒரு சிறு நோட்டில் அன்றன்றே குறித்து வருவது நன்று.

10 பேருக்குக் குறையாத தொழிலிடங்களில் நியமனக் கடிதம் தருவது இப்பொழுது நிர்வாகத்தின் கடமையாகும். முன்பே சேர்ந்தவர்களும் அதைக் கேட்டுப் பெறலாம்.

முறையிடும் வழி

நீக்கப்பட்டவர் சங்கத்தில் உறுப்பினராக இல்லாவிடினும், தனியாகவே தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். பெருந்துறைமுக வேலையாயின் மத்திய அரசின் தொழிலாளர் அலுவலகத்தை நாட வேண்டும். தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால் சமரச நடவடிக்கை இல்லை. சமரசம் கைகூடாவிடின், அலுவலரின் அறிக்கை கிடைத்த 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்தவர், அவர் பெயரையும் ஆலையின் பெயரையும் மனுவில் சேர்த்து எழுதுவது நலம். ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் முதன்மை நிர்வாகம் அதைத் தரவேண்டும்.

பஞ்சாயத்தின் பணி

பட்டாவுக்கும் பயிர்க் கடனுக்கும் மனு எழுதித் தரும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இப்பணியையும் மேற்கொள்ளலாம் அன்றோ? வேலையிழந்தவர் முதல் வாரத்திலேயே பஞ்சாயத்து அலுவலகத்திற்கு வரும்படி அறிவியுங்கள். அவர் சேர்ந்த நாள், கூலி, நீக்கிய நாள், உடன் வேலை செய்தோர் பெயர் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, மனுவின் நகலில் ஒப்புதல் முத்திரை பெற உதவுங்கள். கிராம சபையிலும் இச்செய்தியைப் படித்துக் காட்டுங்கள். வயலில் உழைத்தாலும் ஆலையில் உழைத்தாலும் உழைப்பின் பயன் உழைத்தவர் வீட்டிற்கு வந்து சேர்வதே கிராம வளர்ச்சியாகும்.