காதோரம் ஒரு கட்டி... வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்!

மணலி புதுநகரில் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்வோம். காலை ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷேவிங் செய்கிறீர்கள். காது மடலுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஏதோ தட்டுப்படுகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. "பொன்னுக்கு வீங்கியா இருக்கும், தானா அமுங்கிடும்" என்கிறார் பாட்டி. நீங்களும் மறந்துவிடுகிறீர்கள்.

அதுதான் தப்பு! பொன்னுக்கு வீங்கி என்றால் வலியும் காய்ச்சலும் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் வற்றிவிடும். சுரப்பியில் கல் என்றால் சாப்பிடும்போது வீங்கி வலிக்கும். மாதக்கணக்கில் வலிக்காமல் உட்கார்ந்திருக்கும் கட்டி வேறு ரகம். அது உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியாக இருக்கலாம்.

பயப்பட வேண்டுமா?

இது அபூர்வமான நோய். பெரும்பாலும் காதோரச் சுரப்பியில்தான் வரும். அங்கே வருவதில் சுமார் 80 சதவீதம் புற்றுநோய் அல்ல. தாடைக்கு அடியில் என்றால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. மேலண்ணத்தில் உள்ள குட்டிச் சுரப்பிகளில் வந்தால் இன்னும் உஷார்! சுரப்பி சின்னதாக ஆக, ஆபத்து பெரிசு.

முதலில் ஊசி, பிறகுதான் கத்தி

மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார்கள். கூடவே ஸ்கேன். சீழ்க்கட்டி என்று நினைத்து யாராவது கீறிவிட்டால் ஆபத்து. செல்கள் சிதறி, பல இடங்களில் திரும்ப முளைக்கும்.

சாதாரணக் கட்டி என்றாலும் எடுத்துவிடுவதே நல்லது. வருஷக்கணக்கில் விட்டால் சில கட்டிகள் புற்றுநோயாக மாறுவதுண்டு.

கண்ணை மூடவும், சிரிக்கவும் வைக்கும் முக நரம்பு இந்தச் சுரப்பிக்குள்தான் கிளை பிரிகிறது. அதைக் காப்பாற்றியபடி கட்டியை எடுப்பதில்தான் சர்ஜனின் சாமர்த்தியம். அதனால் அனுபவசாலியிடமே போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் முகம் தளர்ந்திருக்கலாம், பெரும்பாலும் சரியாகிவிடும்.

புற்றுநோய் என்றால் பலருக்குக் கதிர்வீச்சும் தேவைப்படும். சில வகைகள் பத்து வருஷம் கழித்துக்கூட நுரையீரலில் தலைகாட்டும். 'செக்கப்'பை விடாதீர்கள்.

எங்கே போவது?

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். புற்றுநோய் என்றால், 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது.

கட்டி வேகமாக வளர்கிறதா? வலிக்கிறதா? கழுத்தில் நெறி கட்டுகிறதா? முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? நாளை, நாளன்னைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே கிளம்புங்கள்!