திங்களில் தெரியும் திருமுகம்

முழுமதி நாளன்று ஆலய வாசலில் நின்று கீழ்வானை நோக்காத பக்தர் உண்டோ? தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம் என நம் பெருவிழாக்கள் பலவும் நிறைமதியை ஒட்டியே வருகின்றன. திருவிழாவிற்கும் திங்களுக்கும் உள்ள உறவு அத்துணை நெருக்கமானது.

சென்ற ஆண்டு சித்திரா பௌர்ணமி இரவில் செடெனாக்கிலுள்ள நம் ஆலயத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. நிலவில் முருகப் பெருமானின் திருமுகம் தெரிவதாக ஒரு படம் கைப்பேசிகளில் பரவிற்று. ஒலிபெருக்கியில் அறிவித்துச் சிறப்பு அர்ச்சனைக்கு ஏற்பாடு செய்யுமாறு அன்பர் சிலர் வேண்டினர். செயலாளர் என்ற முறையில் அடியேன் இசையவில்லை. எண்பது வயதை எட்டிய அம்மையார் ஒருவர், "அப்படியானால் நான் கண்டது பொய்யா, தம்பி?" என்று கேட்டார். அவ்வினா நெஞ்சைத் தைத்தது.

முயலும் பாட்டியும்

நிலவில் உருவம் காண்பது நமக்குப் புதிதன்று. பாட்டி வடை சுடுகிறாள் எனக் காட்டியே நம் தாய்மார் பிள்ளைகளுக்குச் சோறூட்டினர். சந்திரனுக்குச் சசாங்கன் என்றொரு பெயருண்டு. முயலை அடையாளமாகக் கொண்டவன் என்பது அதன் பொருள். விருந்தினரின் பசி தீர்க்கத் தன் உடலையே தந்து தீயில் பாய்ந்த முயலின் உருவை இந்திரன் நிலவில் வரைந்தான் எனப் பௌத்த சாதகக் கதை கூறும். சீனர்கள் அம்முயல் மருந்து இடிப்பதாகக் கண்டனர். 2013-இல் நிலவில் இறக்கிய ஊர்திக்கும் அம்முயலின் பெயரையே சூட்டினர். மலாய் மக்களின் பழங்கதையோ, தலைகீழான ஆலமரத்தடியில் கூனக் கிழவர் ஒருவர் மரப்பட்டையால் தூண்டில் கயிறு திரிப்பதாகவும், எலியொன்று அதனைக் கடித்தறுப்பதாகவும் சொல்லும். கறை ஒன்றே, காண்போர் கண்கள்தாம் பல.

அக்கறை யாது?

ஏறத்தாழ 300 முதல் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிப் பரவிய எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைச் சமவெளிகளே அவை. பழைய வானியலார் அவற்றைக் கடல் என அழைத்தனர். ஆயினும் அங்கு நீரில்லை. முயலின் தலையாகத் தோன்றும் அமைதிக் கடலில்தான் 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் கால் பதித்தார்.

நிலநடுக்கோட்டை அடுத்த நம் ஜோகூரில் இன்னொரு காட்சியும் உண்டு. மாலையில் கிழக்கே எழும்போது முயலின் காதுகள் மேல்நோக்கி நிற்கும். விடியற்காலையில் மேற்கே இறங்கும்போது அது தலைகீழாகிவிடும். மூன்றாம் பிறையும் இங்கே தோணிபோல் மல்லாந்து மிதக்கும். சிவபெருமானின் சடைமுடியில் ஓவியர் தீட்டும் பிறை நம் கண்முன் நிற்கும்.

ஏன் மறுத்தோம்?

மனித மனம் எங்கும் முகத்தைத் தேடும் இயல்புடையது. 2007-இல் சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட் வட்டாரத்தில் ஒரு மரத்தின் முடிச்சு குரங்கு வடிவில் தோன்றவே, சீனரும் இந்துக்களும் வாழைப்பழம் படைத்து வணங்கினர். அவர்தம் அன்பைக் குறை கூறலாகாது. ஆயினும் ஒருவர் கண்ட காட்சியை ஆலயமே அறிவித்துவிட்டால், முயலை மட்டும் கண்ட சிறுவன் தன் பக்தியில் குறையுண்டோ என மருளுவான். அடுத்த மாதம் முகம் தெரியாது போனால் ஆலயத்தின் சொல்லும் மதிப்பிழக்கும். அர்ச்சனைக்கு வரும் காசு உழைப்பாளரின் வியர்வை என்பதையும் நிருவாகத்தினர் மறத்தலாகாது.

மறுநாள் வைகறையில் அம்மையாரை ஆலய வாசலுக்கு அழைத்து வந்தேன். செம்பனை மரங்களுக்கு மேலே நிலவு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ட முகம் கவிழ்ந்திருந்தது. நெடுநேரம் நோக்கியவர், "நிலாவிலே கவிழ்ந்தாலும் சந்நிதியிலே நிமிர்ந்துதானே இருக்கிறான், தம்பி" என்று கூறி, மூலவரைத் தொழ உள்ளே சென்றார். அடியேனுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இவ்வாண்டுத் திருவிழாவிற்குக் குடும்பத்துடன் வரும் அன்பர்கள் தத்தம் பிள்ளைகளுக்கு நிலவைக் காட்டுங்கள். அவர்கள் காண்பது யாதெனக் கேளுங்கள். பின்னர் அவர்தம் கரம் பற்றிச் சந்நிதிக்கு அழைத்து வாருங்கள். அனைவருக்கும் கந்தவேள் திருவருள் கூடுவதாக!